ரிசர்வில் ஓடிய வண்டி

அரிச்சான் ஆற்றில் வருஷம் முழுக்க மணல்தான் கிடக்கும், ஒரே ஒரு பொழுது மட்டும் தண்ணீர் ஓடும், அதுவும் எங்கள் கருசல்குடியில் ஒரு பொட்டு மழை விழாத நாளாகப் பார்த்து, மேற்கே மலையில் பெய்ததெல்லாம் திரண்டு, சாயங்கால வெயிலில் செங்கல் கரைத்த நிறத்தில் வந்து, தரைப்பாலத்தை மூடி, வடிந்து, மறுநாள் பிள்ளைகள் பந்து விளையாடும்படி பழையபடி மணலாகிவிடும், அப்படி ஒரு பொழுதில்தான் என் வீட்டுக்காரர் மாவு விற்றுவிட்டுத் திரும்புகையில் பாலத்தின் நடுவில் பைக்கோடு போனார், மறுநாள் பைக் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை.

அவர் பெயரை நான் சொல்லி வழக்கமில்லை, ஊர் சொல்லும், செந்தட்டி என்று. எங்களுக்கு இட்லி மாவு வியாபாரம். நான் ஆட்டுவேன், அவர் இரண்டு வாளியில் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோவார், ஆட்டுகிறவள் வாய் ஓயாமல் பேசினால்தான் மாவு நன்றாகப் பொங்கும் என்று அவர் சொல்லுவார், அது மாவுக்காகச் சொன்னதா என் வாய்க்காகச் சொன்னதா என்று கடைசி வரை நான் கேட்கவில்லை.

பாலத்துக்குக் கீழே வேலிக்கருவைப் புதரில், யாரோ ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு வெற்றிலை வாங்கப் போன மாதிரி, பைக் நிமிர்ந்து நின்றது. காலி வாளி இரண்டும் கட்டின கயிறு அவிழாமல் இருந்தன. ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. பழைய வண்டிகளில் டேங்கின் அடியில் இடது பக்கம் ஒரு சின்னப் பெட்ரோல் குழாய் இருக்குமே, கீழ்நோக்கி வைத்தால் ஓடும், படுக்கையாக வைத்தால் மூடும், மேல்நோக்கித் திருப்பினால் அடியில் மிச்சமிருக்கிற ரிசர்வ் பெட்ரோல் இறங்கும், அது மேல்நோக்கித் திரும்பியிருந்தது. அதைப் பார்த்ததுமே கூடி நின்ற அத்தனை பேருக்கும் நடந்தது விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் டேங்கை நிறைத்து ஓட்டுகிற ஆள் கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஓட்டுகிறவர்கள், வண்டி ஒரு இருமல் இருமினால் போதும், யோசிக்கும் முன்னால் இடது கை தானாகக் குனிந்து குழாயை ரிசர்வுக்குத் திருப்பிவிடும், தூக்கத்தில் கொசுவை அடிக்கிற மாதிரி. அன்றைக்கு அவர் பெட்ரோல் ஊற்றிக்கொண்டுதான் வந்திருந்தார். வண்டி இருமியது தண்ணீர் புகுந்ததால். அது கைக்கு எப்படித் தெரியும். பிடித்திருந்த கையை எடுத்தார், குனிந்தார், ஆறு எடுத்துக்கொண்டது.

"கடைசியா என் தம்பி கை பட்டது இதுலதான்," என்று அவருடைய அக்கா சண்முகத்தாய் மதினி அந்தக் குழாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "ஒருத்தரும் இதைத் திருப்பக் கூடாது. அவன் வச்சது வச்சபடி இருக்கணும்."

யாரும் திருப்பவில்லை.

ஆற்றில் தேடினார்கள், கண்மாயில் தேடினார்கள், கடல் வரைக்கும் சொல்லிவிட்டார்கள். ஆள் கிடைக்காமல் காரியம் செய்யலாமா கூடாதா என்று ஊர் ரேஷன் கடை வாசலில் கூடிக் கூடிக் கலைந்தது. அதற்குள் ஊறப்போட்ட அரிசி நுரைகட்டத் தொடங்கியது. அரிசிக்குத் தெரியுமா யார் வீட்டில் என்ன என்று. நான் ஆட்டினேன். ஆட்டின மாவை என்ன செய்வது என்று வண்டியை எடுத்தேன். கல்யாணமான புதிதில் அவர் கண்மாய்க்கரையில் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். எங்கள் பாப்பா தர்ஷிகாவை முன்னால் டேங்கின் மேல் உட்காரவைத்து, பின்னால் வாளிகளைக் கட்டி, போகிற வழியில் அவளை ஒன்றாம் வகுப்பில் இறக்கிவிட்டு மாவு ஊற்றப் போனேன்.

வண்டிதான் சரியாக ஓடவில்லை. ஸ்டார்ட் ஆகும், ஆனதும் தானாக ஏறும், தானாக இறங்கும், அணைகிற மாதிரி போய் மறுபடி உயிர் வரும், முறுக்கினால் ஒரு மூச்சு யோசிக்கும், மேட்டில் செருமிச் செருமி நின்றுவிடும். மெயின் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற சூசை அண்ணனிடம் கொண்டுபோனேன். வண்டி தெருமுனையில் வரும்போதே கண்ணை மூடிக் கேட்டு நோயைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுகிற ஆள்.

"பிளக் தங்கச்சி," என்றார், கண்ணைத் திறக்காமலே. புதுசு போட்டார். மறுநாளும் இருமியது. "நான் நேத்தே சொன்னேன்ல, ஏர் பில்டர்னு," என்று அதைக் கழற்றி ஊதினார். அதற்கு மறுநாள் கார்பரேட்டரைப் பிரித்து ஊசி மாதிரி ஒரு கம்பியை விட்டு ஸ்லோ ஜெட் என்கிற பொடித் துளையைக் குத்திச் சுத்தம் செய்தார், காற்றுத் திருகைக் கால் சுற்று அரைச் சுற்று என்று திருப்பித் திருப்பிக் காதைக் கொடுத்தார், கார்பரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பரில் வெடிப்பு இருந்து காற்று இழுக்கிறதோ என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார், இஞ்சின் தலையில் டாப்பெட்டைத் தட்டினார், கடைசியில் என்னையே முறைத்தார்.

"நீ ஓட்டுற ஓட்டு சரியில்ல தங்கச்சி."

"சரி அண்ணே. நிறுத்தி வச்சிருக்கிறப்பயும் இருமுதே, அப்ப நான் எப்படி ஓட்டணும்?"

அவர் குத்தவைத்து உட்கார்ந்து, கார்பரேட்டரின் அடியில், பெட்ரோல் தேங்கி நிற்கிற கிண்ணத்தின் திருகை அவிழ்த்தார். பெட்ரோல் வரவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. அவர் கையில் பிடித்திருந்த டம்ளர் நிறைந்தது, மேலே நுரை நின்றது, முதல் வெள்ளத்தில் வருமே, காய்ந்த சாணியும் துளசியும் கலந்த மணம், அது பட்டறை முழுக்கப் பரவியது. அந்தக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி பிடித்தால் அதிகம்.

"டேங்குல தண்ணி இறங்கியிருக்கு," என்று சொல்லி, குழாயை மட்டும் தொடாமல், டேங்கைக் கவிழ்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் காலையில் நானே திருகை அவிழ்த்தேன். ஒரு டம்ளர் ஆற்றுத் தண்ணீர். அதற்கு மறுநாளும் ஒரு டம்ளர், அதில் ஒரு அயிரை மீன், உயிரோடு.

சூசை அண்ணன் கையைத் துடைத்துவிட்டு, இது பட்டறைச் சமாச்சாரம் இல்லை தங்கச்சி, ஊர்ச் சமாச்சாரம் என்றார்.

ரேஷன் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன், ஊர் சுற்றி உட்கார்ந்தது. ஊர்த்தலைவர் கோட்டைச்சாமி மாமா தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துப் பார்த்து, நம்ம ஆறுதான் என்றார். பஞ்சாயத்துக் குழாயில் வராத தண்ணி கார்பரேட்டரில் வருகிறதே தலைவரே, தெருவுக்கு ஒரு வண்டி வாங்கி நிறுத்துங்கள் என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொல்ல, எல்லாரும் சிரித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். நானும்தான் சிரித்தேன், யாரும் கவனிக்கவில்லை.

"தண்ணி வந்துக்கிட்டு இருக்குன்னா ஆளு இன்னும் ஆத்துலதான் இருக்கான்," என்று மாமா தீர்ப்பு சொன்னார். "ஆத்துல இருக்கிறவன் செத்தவன் இல்ல, வழியில இருக்கிறவன். வழியில இருக்கிறவனுக்குக் காரியம் கிடையாது. வண்டி தண்ணி கக்குற வரைக்கும் இந்த மாரிக்கனி பொட்டு வைக்கட்டும், பூ வைக்கட்டும். என்னைக்கு நிக்குதோ அன்னைக்குப் பார்த்துக்குவோம்."

சண்முகத்தாய் மதினி அந்த இடத்திலேயே என் தலையில் முழம் கனகாம்பரத்தை வைத்தாள். பிறகு சூசை அண்ணனைப் பார்த்து, "இனி இந்த வண்டியை ரிப்பேர் பண்ணுறேன்னு எவனும் வரக் கூடாது," என்றாள். அவர் கும்பிடு போட்டார்.

அப்படித்தான் என் நெற்றிப் பொட்டு ஒரு வண்டியின் கோளாறில் தொங்கியது, ஊரும் அதைப் பழகிக்கொண்டது, மின்சாரம் போய் வருவதைப் பழகிக்கொள்கிற மாதிரி. விடிந்ததும் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். போன வெள்ளத்தில் ஆட்டைப் பறிகொடுத்தவள் ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டு, ஆடு அங்கே கொழுத்துத்தான் இருக்கும் என்று சமாதானமாகப் போவாள். சின்ன வயதில் அண்ணனை ஆற்றுக்குக் கொடுத்த ஒரு தாத்தா, குடிக்கமாட்டார், மூக்குக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். புதுசாகக் கல்யாணமானவர்கள் குங்குமம் குழைக்க இரண்டு சொட்டு கேட்பார்கள். அயிரை சேர்ந்தால் பாப்பாவின் டீச்சர் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி ஜாடியில் விடுவார், ஜாடி நிறைந்த பிறகு வந்ததை நான் குழம்பு வைத்தேன், நல்ல மீனை வீணாக்குவதற்கு எனக்கு மனசு வராது, அவருக்கும் வராது. என் மாவுக்கு இருமல் மாவு என்று பெயர் விழுந்தது. வண்டி இருமுகிற சத்தம் கேட்டதும் ஊர் ஊராகப் பெண்கள் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்தார்கள்.

"என்ன மாரிக்கனி, இன்னைக்கு உன் வீட்டுக்காரர் என்ன கொடுத்துவிட்டார்?"

"ஒரு டம்ளர் தண்ணியும் ரெண்டு அயிரையும் அக்கா. இருக்கும்போதும் இம்புட்டுதான் கொடுத்தாக."

சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே அகப்பையால் மாவை அள்ளி ஊற்றுவேன். நின்ற இடத்தில் எல்லாம் தண்ணீரை வடித்துவிட்டு, காலால் உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்து, மேட்டில் நின்றால் பாப்பாவை இறக்கிவிட்டுத் தள்ளி, தள்ளுவதற்குள் வெயில் ஏறி, வெயிலில் மாவு பொங்கி மூடியைத் தள்ளி வழிந்து, வழிந்த மாவைத் தெருநாய் நக்கிக்கொண்டே கூட வரும். புளித்த மாவை யார் வாங்குவார்கள். ஒவ்வொரு ஊராகக் கைவிட்டுப் போனது. பாப்பா பள்ளிக்கூடத்தில் முதல் மணிக்குப் போய்ச் சேர்ந்த நாளே இல்லை.

ஒரு நாள் பாலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. மேற்கே மலை கறுத்திருந்தது, ஆற்றில் மணல்தான், ஆனாலும் மணலைப் பார்த்து யார் நம்புவது. உதைத்தேன், ஓடவில்லை. என் இடது கை என்னைக் கேட்காமல் குனிந்து குழாய்க்குப் போனது. அது ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது. அதற்கு மேல் திருப்ப இடமில்லை. கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன், அவர் விரல் இருந்த இடத்தில் என் விரல், அவர் குனிந்த மாதிரி நானும் குனிந்து, முன்னால் பாப்பா.

"அம்மா," என்றாள் பாப்பா, "அப்பா இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்காங்களா?"

"ஆமாடா கண்ணு. அங்கருந்துதான் நமக்குத் தண்ணி அனுப்புறாக."

"அப்ப எப்படி மூச்சு விடுவாங்க?"

நான் வண்டியைத் தள்ளினேன். அந்தக் கேள்வியைப் பாலத்திலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்தேன். சாயங்காலம் குளிக்க வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் துண்டு எடுக்க உள்ளே போய் வந்தால், பாப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையை வாளிக்குள் முக்கியிருந்தாள். தூக்கினேன். முகம் சிவந்து, இருமி, மூச்சு வாங்கி, வண்டி மாதிரியே ஏறி இறங்கி, பிறகு சொன்னாள்:

"அஞ்சு எண்றதுக்குள்ள முடியலம்மா. அப்பாவால எப்படி முடியுது?"

அந்தப் பிள்ளையைத் துவட்டிக்கொண்டே எனக்கு விளங்கியது. தண்ணீர் வருகிறது வருகிறது என்று நாங்கள் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தோம், குங்குமம் குழைத்தோம், குழம்பு வைத்தோம், அது அவர் அனுப்புகிற தண்ணீர் இல்லை, அவர் குடிக்கிற தண்ணீர். ஒவ்வொரு விடியலிலும் அவர் பாலத்தின் நடுவில் குனிந்துகொண்டே இருக்கிறார், முங்கிக்கொண்டே இருக்கிறார், வழியில் இருக்கிறவன் என்று சொல்லி ஊர் அவரை வழியிலேயே நிறுத்திவைத்திருக்கிறது, என் நெற்றிக்காக.

இருக்கிற காலத்தில், வேலை முடிந்து வந்ததும் வாசலில் வண்டியை நிறுத்தி, குனிந்து, குழாயைப் படுக்கையாகத் திருப்பி மூடிவிட்டு, வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் "வந்தாச்சு" என்று சொல்வார். அதற்கப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார். அன்றைக்குத் திறந்தது இன்னும் மூடப்படவில்லை.

மறுநாள் மாவு வேலை முடிந்ததும் சண்முகத்தாய் மதினியை வரச்சொன்னேன். வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, குழாயை மூடப்போகிறேன் என்றேன்.

"பைத்தியமா உனக்கு? தண்ணி நின்னா உன் நெத்தி என்னாகும்னு தெரியுமா?"

"தெரியும் மதினி."

"இந்த வயசுல வெறும் நெத்தியோட நிப்பியா? ஊர் ஒரு நல்லது கெட்டதுக்கு உன்னை முன்னால விடுமா?"

"விடாட்டி பின்னால நின்னுக்கிறேன். நான் குட்டையா இருந்தாலும் எட்டிப் பார்த்துக்குவேன்."

"விளையாடாத மாரிக்கனி. என் தம்பிக்குன்னு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்."

"அதுக்குத்தான் மதினி," என்றேன். "எத்தனை நாளா நனைஞ்சுக்கிட்டு இருக்காக. தலை துவட்டணும்ல."

மதினி என் வீட்டுக்குள் போனாள், கொடியில் கிடந்த அவருடைய பழைய துண்டை எடுத்து உதறி வந்தாள், வண்டியின் சீட்டில், பிள்ளைக்குப் படுக்கை விரிக்கிற மாதிரி விரித்தாள். என் கையைப் பிடித்துக் குழாயில் வைத்து, அதன் மேல் அவள் கையை வைத்தாள்.

துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு பேரும் அழுத்தினோம். ஒரு சின்னச் சத்தம், வெற்றிலையில் காம்பு கிள்ளுகிற அளவுக்கு, படுக்கையாக வந்து நின்றது. கார்பரேட்டரின் அடியிலிருந்து தொங்குகிற வடிகுழாயில் சிவப்புத் தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடியது, வாசல் மண்ணில் இறங்கியது, மெலிந்தது, சொட்டியது. கடைசிச் சொட்டு விழுந்து அடுத்தது வராதபோது, தெரு முழுக்க அது கேட்ட மாதிரி எதிர்வீட்டில் மிக்ஸியை நிறுத்தினார்கள்.

"வந்தாச்சு," என்றாள் பாப்பா. அவளுக்கு அந்த வார்த்தை ஞாபகம் இருந்தது எனக்குத் தெரியாது.

சீட்டில் விரித்த துண்டைப் பார்த்தோம். உலர்ந்த துண்டுதான் விரித்தோம். அது ஈரமாகியிருந்தது, நடுவில் கசங்கி, ஒருவர் தலையை அழுத்தித் துவட்டிவிட்டுப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி, ஆற்று மணமும் அவர் தேய்க்கிற தேங்காயெண்ணெய் மணமுமாக. ஓரத்தில் ஒரு நரைமுடி. அவருக்கு நரை கிடையாது, போன இடத்தில்தான் நரைத்திருக்கவேண்டும்.

மதினி அதை மடியில் போட்டுக்கொண்டு, இத்தனை நாளும் அழாத அழுகையை அழுதாள். நான் மதினியைப் பிடித்துக்கொண்டேன், என்னைப் பாப்பா பிடித்துக்கொண்டாள்.

அந்தத் துண்டுக்குத்தான் காரியம் நடந்தது. பச்சை ஓலைப் பாடையில் அதை மடித்துவைத்து நாலு பேர் தூக்கினார்கள், ஒரு துண்டு என்ன கனம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்துத் தூக்கியவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் தோள் மாற்றவேண்டியிருந்தது, கோட்டைச்சாமி மாமா கூட ஒரு பக்கம் தோள் கொடுத்தார், சூசை அண்ணன் சுடுகாடு வரைக்கும் தோள் மாற்றாமல் தூக்கினார், கண்ணை மூடிக்கொண்டுதான் நடந்தார். பெண்கள் என் பூவை எடுத்தார்கள், பொட்டை எடுத்தார்கள், வளையலை உடைக்க வந்தவளிடம் கண்ணாடி குத்தும், பாப்பா வெறுங்காலில் நிற்கிறாள் என்று சொல்லி நானே கழற்றிக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு விடியலில் குழாயைக் கீழ்நோக்கித் திருப்பினேன், ரிசர்வுக்கு இல்லை, எல்லா வண்டியையும் போல. திருகை அவிழ்த்துப் பார்த்தேன். சுத்தமான பெட்ரோல், மீன் இல்லை. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. ஏறவில்லை, இறங்கவில்லை, யோசிக்கவில்லை, நூல் பிடித்த மாதிரி ஒரே சீராக ஓடியது, அப்படி ஒரு சத்தத்தை அந்த வண்டியில் கடைசியாகக் கேட்டது அவர் ஓட்டினபோது. இன்னும் என்னைக் கைவிடாத வீடுகளில் வாசலில் பாத்திரத்தோடு காத்திருந்தவர்களுக்கு நான் வந்தது தெரியவில்லை, இருமல் இல்லையே, பக்கத்தில் வந்து நிறுத்தின பிறகுதான் நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வண்டியைப் பார்த்தார்கள். அரைப்படி வாங்குகிறவள் ஒரு படி வாங்கினாள்.

பாலத்தில் ஏறினோம். மணல் வெளுத்துக் கிடந்தது. நடுவில் வந்ததும் என் இடது கை பிடியை விட்டுக் குழாயை நோக்கிக் குனிந்தது. வண்டி இருமவே இல்லை. கையை எடுத்துப் பிடியில் வைத்தேன். மறுபடி குனிந்தது. மறுபடி எடுத்து வைத்தேன்.

"என்னம்மா கீழ தொலைஞ்சு போச்சா?" என்றாள் பாப்பா.

"இல்லடா கண்ணு."

"அப்ப நேரா பிடிங்க."

நேராகப் பிடித்தேன். அக்கரை மேட்டில் வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது, மாவு வழியவில்லை, பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கிற சத்தம் கேட்டது, பாப்பா கையைத் தட்டினாள், நான் இஞ்சினின் ஒவ்வொரு அடிப்பிலும் ஒரு சின்ன இருமல் வராதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே போனேன்.